ஆமைக்கு ஆகாத வெதுவெதுப்பு

தாஷ்கண்டில் எங்கள் குடியிருப்பு மொத்தத்துக்கும் சூடு கொடுக்கிற ஆள் நேமத். கொதிகலனோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தவன். வேறு எதற்கும் அசையமாட்டான். அப்படிப்பட்டவனை ஓர் ஆமை ஆட்டி வைத்தது.

ஆமை மகள் மோஹிராவுடையது. பள்ளிக்கூட நாளிலிருந்து வளர்த்தது. கொரியாவுக்கு வேலைக்குப் போகும்போது, வசந்தப் பண்டிகை நவ்ரூஸுக்கு வந்துவிடுவேன், பத்திரம் என்று அப்பன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

வருஷா வருஷம் குளிர் தொடங்கியதும் மணல் பெட்டியில் வைத்து, பால்கனியில் பூசணிக்காய்களுக்குப் பக்கத்தில் தள்ளிவிடுவார்கள். தூங்கும். வசந்தத்தில் தானே மண்ணைக் கீறிக்கொண்டு எழும். இந்த வருஷம் தூக்கிப் பார்த்தால் வெறும் ஓடு மாதிரி கனமே இல்லை. மூக்கிலும் ஒழுகியது.

"இளைச்சுப் போன உடம்பு, தூங்க வெச்சா எந்திரிக்காது," என்றாள் கால்நடை டாக்டரம்மா. "முழிச்சிருக்கணும்னா நல்ல சூடு வேணும். ரெண்டுங்கெட்டான் வெதுவெதுப்புல மட்டும் வெச்சிராதீங்க. தூக்கமும் வராது, பசியும் எடுக்காது. உள்ளுக்குள்ளயே கரைஞ்சு போயிரும்."

சரி, முழித்தே இருக்கட்டும் என்று நேமத் பெட்டிக்கு மேலே சூடு விளக்கு மாட்டினான். பனி கொட்டிய வாரம் மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. எரிவாயுவும் இளைத்தது. குழாய்களில் வெதுவெதுப்புதான் ஓடியது. மாடிப்படியில் பார்த்தவர்களெல்லாம் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாம் மாடி ஷவ்கத், "என்னண்ணே, கொதிகலனுக்குள்ளயும் ஆமையத்தான் கட்டி ஓட்டுறீங்களா?" என்றான்.

ஆமை முட்டைக்கோஸ் இலையை முகர்ந்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டது. பால்கனிக்கே கொண்டுபோகலாமா என்று பெட்டியைத் தூக்குவான், கதவருகே நிற்பான், திரும்ப உள்ளே வைப்பான். மனைவி ஸும்ராத் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்: "ஏங்க, ஏதாவது ஒண்ணு பண்ணுங்க. தூக்கித் தூக்கியே அதைக் கொன்னுருவீங்க போல."

கடைசியில் ஆமையைத் தன் பஞ்சு அங்கிக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு கொதிகலன் அறைக்கே போனான். அங்கேயும் நீலச் சுடர் விரல் நகம் அளவுக்குத்தான் நின்றது.

மோஹிரா போனில் கூப்பிட்டாள். தூங்க வைத்தாயிற்றா என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னான்.

"நீயே சொல்லும்மா. என்ன பண்ணட்டும்?"

ஊரையே சூடேற்றுகிற அப்பா இப்படிக் கேட்டு அவள் கேட்டதில்லை.

"இங்கருந்து எனக்கு என்னப்பா தெரியும்," என்றாள்.

போனை வைத்தான். அங்கிக்குள் கைவிட்டுத் தடவினான். ஒரு கால் மெதுவாக அசைந்தது. எழத்தான் அசைகிறதா, தூக்கத்துக்குப் போகிறதா, அவனுக்குத் தெரியவில்லை. கையை எடுக்காமல் அந்தச் சின்னச் சுடரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.