வளைவில் வழுக்காத டயர்

எனக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. பால்காரன் கண்ணெதிரே கறந்தாலும், முதலில் செம்பைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வேன். அப்படிப்பட்டவன் மோட்டார் சைக்கிளுக்கு டயர் வாங்கப் போனால் கடைக்காரர் பாடு என்ன ஆகும்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மலாய்த் தீவு ஒன்றில் எனக்கு ஜாதிக்காய் வியாபாரம். வாரத்துக்கு இரண்டு முறை ஆயர் ஈத்தாம் வழியாக மலை ஏறி இறங்கி, தீவின் மறுபக்கத்துப் பாலிக் புலாவ் தோட்டங்களுக்குப் போவேன். வழியெல்லாம் வளைவு. நேர் ரோட்டில் வண்டி சாதுவாகப் போகும். வளைவில் சாய்த்தால் போதும், பின்சக்கரம் காலை வாரிவிடும். இரண்டு தரம் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டேன். டயர் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

சூலியா தெருவில் டயர் விற்ற முஸ்லிம் பெரியவரை ஊரே ‘நானா’, அதாவது அண்ணன், என்று கூப்பிடும். ஐம்பது வயது, வெள்ளைத் தொப்பி, அதிர்ந்து பேசாத மனிதர். அதுவே எனக்கு உறுத்தியது. இவ்வளவு நல்லவராக இருந்துகொண்டு ஒருவர் எப்படி வியாபாரம் செய்ய முடியும்? பழைய டயரில் கத்தியால் பள்ளம் வெட்டி, கறுப்புப் பூசி, புதுசு என்று விற்கிறார்கள் என்று வேறு கேள்விப்பட்டிருந்தேன். அவர் எடுத்துப் போட்ட டயரை நகத்தால் கீறினேன், முகர்ந்தேன், வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.

“இது வளைவுல பிடிக்குமா நானா?”

“ஓரத்தைப் பாருங்க தம்பி, வெட்டு எவ்வளவு ஆழமா இருக்கு. சாயும்போது அந்த ஓரம்தான் ரோட்டைப் பிடிக்கும். புதுச் சாமான் லா, இப்பதான் கப்பல்ல வந்துச்சு.”

வாங்கி மாட்டினேன். அடுத்த வாரமே அதே மலை, அதே வழுக்கல். விழாமல் தப்பியது என் மனைவியின் தாலி பாக்கியம்.

நேராகக் கடைக்குப் போனேன். கடை நிறைய ஆள். “பழசைப் புதுசுன்னு ஏமாத்திட்டீங்களே நானா!” என்று கத்தினேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது. “இருபது வருஷமா கடை வச்சிருக்கேன் தம்பி. ஒருத்தர் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லே.”

“அப்போ நீங்களே அந்த வளைவுல ஓட்டிக் காட்டுங்க!”

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. டயரைக் குனிந்துகூடப் பார்க்காமல் என் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

மலையில் வண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு வளைவோரம் நின்றேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவர் வழுக்க வேண்டும் என்றுதான் என் பாழும் மனசு வேண்டிக்கொண்டது. மெதுவாகத்தான் வந்தார். பக்குவமாகத்தான் சாய்த்தார். சக்கரம் சறுக்கி அவரை மதகுச் சுவரில் கொண்டுபோய் மோதியது. வலது கை முறிந்து தொங்கியது.

ஓடிப்போய் வண்டியைத் தூக்க டயரைப் பிடித்தேன். விரல் வழுக்கியது. முகர்ந்தால் நல்லெண்ணெய். அடப் பாவி, என் எண்ணெய்! வெள்ளிக்கிழமைதோறும் வண்டியைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பவன் நான். வெயிலில் ரப்பர் வெடித்துவிடக் கூடாதே என்று டயரின் பக்கவாட்டிலும் எண்ணெய் பூசிவந்தேன். அடுத்தவன் கை பட்டால் எதையாவது கழற்றிவிடுவான் என்று, அந்த வேலையை யாரிடமும் விட்டதில்லை. நடுவில் பட்டது ரோட்டில் தேய்ந்து போய்விடும். ஓரத்தில் பட்டது அப்படியே நிற்கும். அதனால்தான் வளைவில் மட்டும் வழுக்கல்.

எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். வந்த லாரியை மறித்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

நாலு நாள் கழித்துத்தான் கடைக்குப் போகத் துணிவு வந்தது. டயர் தொங்கிய கொக்கியெல்லாம் காலி. நானா கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

“நானா, டயர் மேல தப்பே இல்லே. நான்தான் அதுக்கு எண்ணெய் பூசிட்டேன். என்னை மன்னிச்சிருங்க.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எனக்காகப் பொய் சொல்லாதீங்க தம்பி. டயருக்கு எண்ணெய் பூசுற மடையன் எங்கயாச்சும் இருப்பானா?”

“சத்தியமா நானா!”

“நீங்க அன்னிக்குச் சொன்னதுதான் சரி. கப்பல்ல சாமான் அனுப்பினவன் எனக்கே பழசைக் கொடுத்திருக்கான். எல்லாத்தையும் திருப்பி அனுப்பிட்டேன், இனி டயர் விக்கிறதில்லே.” கட்டுப் போட்ட கையைக் குனிந்து பார்த்தார். “இருபது வருஷமா வித்திருக்கேனே தம்பி, என்னால எத்தனை பேர் விழுந்தாங்களோ?”

நான் மறுபடியும் சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை.