அல்சூர் வீட்டுத் தோல் மிஷின்

அந்த வருஷம் எங்கள் தெருவில் பெரியவர்கள் எல்லோரும் எலிகளைப் பற்றியே பேசினார்கள். யார் வீட்டு உத்திரத்திலிருந்து எலி விழுந்தது, விழுந்த எலி ஓடிற்றா, சுற்றிச் சுற்றி வந்து செத்ததா என்று வாசலில் நின்று விசாரித்துக்கொண்டார்கள். பெங்களூரில் பிளேக் வந்திருந்தது. போவதற்கு ஓர் ஊர் இருந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எங்களுக்கு அப்படி ஊர் எதுவும் இல்லை. தண்டு என்று நாங்கள் சொல்லும் கண்டோன்மென்ட்தான் எங்கள் ஊர்.

அப்பா குதிரைச் சேணமும் கடிவாள வாரும் தைக்கிறவர். அந்த மழைக்காலத்தில் ஒரு வெள்ளைக்காரரின் குதிரை அவருடைய வலது கையை லாயத்துச் சுவரோடு வைத்து நெருக்கிவிட்டது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் விரல்கள் மடங்கவில்லை. குத்தூசியைப் பிடித்துத் தோலைத் துளைக்க அந்தக் கை இனி உதவாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் அதை வாயால் சொல்லவில்லை. அம்மாதான் கடைசியில் வேறு விதமாகச் சொன்னாள்.

"மிஷின் ஒண்ணு பாருங்க. நீங்க வெட்டிக் குடுங்க, நான் மிதிக்கிறேன்."

கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் அம்மா துணி தைக்கும் மிஷின் பழகியிருந்தாள். தோலுக்கும் துணிக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது என்று அவள் நினைத்தாள். வித்தியாசம் தெரிந்த அப்பா, தைத்துப் பார்க்க நாலைந்து தோல் துண்டுகளை எடுத்து மடியில் செருகிக்கொண்டார்.

ஜனங்கள் சாமான்களை விற்றுவிட்டு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. புது மிஷினைத் தொட்டுப் பார்க்கக்கூட எங்களால் முடியாது. பயந்து ஓடுகிறவர்கள் விட்டுப்போகிற மிஷின் கிடைத்தால்தான் உண்டு. என்னை விட்டுவிட்டுப் போக அக்கம்பக்கத்தில் ஆள் இல்லாததால் நானும் அவர்களோடு போனேன். எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும்.

முதலில் மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் பார்த்தோம். எண்ணெய் பூசிப் பளபளவென்று நின்றது மிஷின். பூப்போட்ட தங்க வரைகூட இருந்தது. எனக்கு அதைப் பார்த்த உடனே பிடித்துப்போயிற்று. அப்பா மடியிலிருந்து தோல் துண்டுகளை எடுத்தார். ஒரு துண்டில் நன்றாகத் தைத்தது. இரண்டை அடுக்கி வைத்ததும் தையல் தாவித் தாவிப் போயிற்று. மூன்றாவது துண்டையும் வைத்ததும் ஊசி டிக்கென்று ஒடிந்து என் காலடியில் விழுந்தது.

"இது ஜாக்கெட்டு தைக்கிற மிஷினு சேட்டு, குதிரைக்கு ஜாக்கெட்டா தைக்கப்போறேன்?" என்று சொல்லிவிட்டு அப்பா வெளியே வந்தார். அன்று அவர் விளையாட்டாகப் பேசியது அது ஒன்றுதான்.

அல்சூரில் ஒரு வீட்டில் சேணக்காரர் மிஷின் ஒன்று விலைக்கு வருகிறது என்று லாயத்துக்குப் புல் கொண்டுவருகிறவர் சொல்லியிருந்தார். அங்கே நடந்தோம். ஏரிக்கு அந்தப்பக்கத்துத் தெருக்களில் பாதிக் கதவுகளுக்கு மேல், காய்ச்சல் கண்ட வீடு என்று சுண்ணாம்பால் குறி போட்டிருந்தது. அம்மா என்னைச் சுவர் பக்கம் விடாமல் தெரு நடுவிலேயே இழுத்துக்கொண்டு போனாள். எதையும் தொடாதே, எதையும் மிதிக்காதே என்றாள். மிதிக்காமல் எப்படி நடப்பது என்று கேட்க வாயெடுத்தேன். அவள் கை என் மணிக்கட்டை இறுக்கியிருந்த இறுக்கத்தில் கேட்கவில்லை.

கதவை ஒரு பெண் கொஞ்சமாகத் திறந்து பார்த்தாள். அம்மாவின் வயதுதான். கண்கள் சிவந்து உப்பியிருந்தன.

"மிஷின் பாக்க வந்தோம்மா."

"சீக்கிரம் பாத்துட்டு எடுத்துட்டுப் போய்டுங்கண்ணா. எங்க ஊட்டுக்காரரு வெச்சிருந்தது. அவரு போயி ஒரு வருசம் ஆவுது. நான் அத்திபெலேல எங்க அண்ணன் ஊட்டுக்குக் கெளம்பிக்கிட்டு இருக்கறேன்."

முன்னறையில் ஜன்னலோரம் நின்றது அது. கன்னங்கரேலென்று, ஒரு கன்றுக்குட்டி கனம் இருக்கும். பூவும் இல்லை, தங்க வரையும் இல்லை. அதற்குப் பின்னால் உள் அறை வாசலில் சாக்குப் படுதா தொங்கியது. அப்பா இடது கையால் சக்கரத்தை மெல்லச் சுற்றி, ஊசி இறங்குவதையும் ஏறுவதையும் குனிந்து பார்த்தார். ஊசித் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. தோலை அழுத்திப் பிடிக்கிற இரும்புப் பாதத்தைத் தூக்கினார். மூன்று அடுக்கு வார் அதன் கீழே தாராளமாக நுழைந்தது. அப்பாவின் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது.

"உக்காரு" என்றார் அம்மாவிடம்.

அம்மா உட்கார்ந்து மிதித்தாள். தடக், தடக், தடக் என்று அந்தச் சின்ன வீடே அதிர்ந்தது. ஊசி தோலில் அரிசி மணிபோல வரிசையாகத் தையல் போட்டுக்கொண்டு போயிற்று. வாரின் முனை வந்ததும் அம்மா காலை எடுத்தாள். மிஷின் நின்றது.

நின்ற மிஷின் முனகியது.

நீளமாக, இழுத்து, தொண்டை காய்ந்தவர்கள் முனகுவதுபோல. அப்பா நிமிர்ந்தார். அந்தப் பெண் வேகமாகச் சொன்னாள், "எண்ணெ போடாம கெடக்குதுங்கண்ணா, அதான்."

அப்பா சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். சத்தமே வரவில்லை. கையை எடுத்த பிறகு மறுபடியும் அந்த முனகல் வந்தது. "அம்மா, மிஷினு அழுவுதும்மா" என்று அவள் முந்தானையைப் பிடித்தேன்.

அம்மா படுதாவைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். சடாரென்று எழுந்து என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். இடுப்பில் தூக்கிவைத்துக்கொள்கிற வயதை நான் தாண்டி எவ்வளவோ நாளாகியிருந்தது.

"வாங்க போவலாம். மிஷினும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

வாசல்வரை வந்துவிட்டோம். அப்போது தெருக்கோடியில் யாரோ "பிளேக்குக்காரங்க வராங்க!" என்று கத்தினார்கள். குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. வீடு வீடாகப் புகுந்து பார்ப்பார்கள், காய்ச்சல்காரர் இருந்தால் வண்டியில் தூக்கிப்போட்டுக் காட்டுக் கொட்டகைக்குக் கொண்டுபோவார்கள், போனவர்கள் திரும்புவதில்லை என்று எங்கள் தெருப் பிள்ளைகள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அந்தப் பெண் எதுவும் கேட்கவில்லை. கையைக்கூடக் கூப்பவில்லை. படுதாவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு அம்மாவைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அம்மா வாசலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். என்னை இறக்கி அப்பாவிடம் தள்ளினாள். திரும்பிப் போய் மிஷினில் உட்கார்ந்து, வாரைத் திருப்பி வைத்து மிதிக்க ஆரம்பித்தாள்.

எனக்கு ஒரே ஆத்திரம். பேய் பிடித்த மிஷின் என்று தெரிந்த பிறகும் இவளுக்கு இதில் என்ன ஆசை?

வாசலில் குதிரை நின்றது. காக்கிச் சட்டை போட்ட ஒருவர் சுண்ணாம்பு வாளியோடு உள்ளே வந்தார். "மனேலி எஷ்டு ஜன?" என்று கன்னடத்தில் அதட்டினார். அப்பா விழிப்பதைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். "ஊட்ல எத்தினி பேரு? இந்தாம்மா, மிஷின நிறுத்து. தொரை வெளிய நிக்கிறாரு."

அம்மாவுக்குக் காது கேட்டதாகவே தெரியவில்லை. கால் ஓடிக்கொண்டிருந்தது. உதடுகளும் ஓடிக்கொண்டிருந்தன. சத்தமில்லாமல் 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நடுத் தையல்ல நிறுத்துனா நூலு அறுந்துடுங்க ஐயா" என்றார் அப்பா. நல்ல கையை என் தோளில் வைத்துக்கொண்டார். "வாங்கறதுக்கு முன்ன நல்லாத் தைக்குதான்னு பாத்துடணும் பாருங்க."

நான் மிஷினைப் பார்த்தேன். "நூலு அப்பவே அறுந்துபோச்சுப்பா" என்றேன். எனக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொன்னேன்.

அப்பாவின் விரல்கள் என் தோளில் அழுந்தின. அந்தக் காக்கிச் சட்டைக்காரர் குனிந்தார். ஊசியின் கீழிருந்து வார் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அதில் வரிசையாக வெறும் ஓட்டைகள். நூலே இல்லை. அம்மா நிமிராமல் மிதித்துக்கொண்டே இருந்தாள். அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணை விலக்கிவிட்டுச் சாக்குப் படுதாவைத் தூக்கினார்.

எனக்கு அவர் முதுகு மட்டும் தெரிந்தது. கையில் இருந்த வாளி ஆடிச் சுண்ணாம்பு தரையில் சிந்தியது. படுதாவை விட்டுவிட்டுத் திரும்பினார்.

"யாரூ இல்லா, ஸார்!" என்று வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார். அந்தப் பெண்ணிடம் மட்டும் தாழ்ந்த குரலில், "இன்னிக்கே எங்கியாவது போய்டும்மா. நாளைக்கி வர்றவன் நானா இருக்க மாட்டேன்" என்றார்.

குளம்புச் சத்தம் தேய்ந்து மறையும்வரை அம்மா நிறுத்தவில்லை. அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. அப்பாதான் சக்கரத்தின்மேல் உள்ளங்கையை வைத்து நிறுத்தினார். அம்மா நெற்றியிலிருந்து வியர்வை தோல் வாரின்மேல் சொட்டியது. அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடிக்க வந்தாள். அம்மா பதறிக் காலை இழுத்துக்கொண்டாள். வணக்கம் வேண்டாம் என்று இழுத்துக்கொள்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

மிஷினை வாங்கினோம். மார்க்கெட்டில் பார்த்த மிஷினை நினைத்துப் பார்த்தால் அப்பாவுக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கும் வண்டி பிடிக்க வேறு வழி இருந்திருக்காது. கைவண்டியில் சாக்குப் போட்டு மூடிக் கொண்டுவந்தோம். அம்மா எங்களோடு சேர்ந்து நடக்காமல் தள்ளியே நடந்து வந்தாள். வீட்டுக்கு வந்ததும் நாங்கள் கட்டியிருந்த துணியெல்லாம் கொல்லையில் எரிந்தது. என் மஞ்சள் பாவாடையும் சேர்ந்து எரிந்தது. வேப்பிலை போட்டுக் கொதித்த தண்ணீரை என் தலையில் ஊற்றி ஊற்றி அம்மா தேய்த்தாள், தோல் உரிந்துவிடும்போல் இருந்தது. மிஷின் கொல்லையிலேயே வெயிலில் நின்றது. அப்பா அதை மண்ணெண்ணெயால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் அந்தப் பக்கமே போகவில்லை. என் கணக்கு தெளிவாக இருந்தது. காக்கிச் சட்டைக்காரர் உள்ளே பார்த்தார், யாரும் இல்லை என்றார். அப்படியானால் முனகியது யார்? மிஷின்தான். செத்துப்போன சேணக்காரர் அதற்குள் இருக்கிறார். அதனால்தான் அத்தனை பெரிய ஆள் கையிலும் வாளி ஆடிச் சுண்ணாம்பு சிந்தியது. அம்மா வேலையை ஆரம்பித்த பிறகு, மிஷின் ஓடும்போது நன்றாக இருப்பேன். அவள் காலை எடுக்கும் நேரம் பார்த்து இரண்டு காதையும் பொத்திக்கொள்வேன். பெரியவர்களுக்கு இதெல்லாம் ஏன் கேட்கவில்லை என்பது ஆச்சரியமாக இருந்தது.

மிஷினோடு வரவேண்டிய ஊசிப் பெட்டி அன்றைய அவசரத்தில் அந்த வீட்டிலேயே விட்டுப்போயிற்று. அதைத் தேடி அப்பா அடுத்த வாரம் அல்சூருக்குப் போனார். வெறுங்கையோடு வந்தார். அந்த வீட்டுக் கூரையின் ஓடுகளைப் பிரித்துப்போட்டு, நோய் போகட்டும் என்று உள்ளே வெயில் விழும்படி செய்திருந்தார்களாம். அந்தப் பெண் அன்று இருட்டுவதற்குள்ளேயே மாட்டுவண்டியில் அத்திபெலே ரஸ்தாவில் போய்விட்டதாகப் பக்கத்தில் சொன்னார்களாம். வண்டியில் எத்தனை பேர் போனார்கள் என்று கேட்க அப்பாவுக்குத் தைரியம் வரவில்லை.

எனக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகுதான் அம்மா மிச்சத்தைச் சொன்னாள். காக்கிச் சட்டைக்காரர் படுதாவைத் தூக்கியபோது மிஷினில் உட்கார்ந்திருந்த அவளுக்கு உள்ளே தெரிந்திருக்கிறது. பாயில் ஒரு சிறுமி கிடந்தாள், என் உயரம்தான் இருப்பாள் என்றாள். பிழைத்தாளா இல்லையா என்பது கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. நோயை ஒளித்து வைத்தது சரியா என்று இன்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அம்மாவும் சரி என்று ஒருநாளும் சொன்னதில்லை.

ஆனால் அந்த நாட்களில் எனக்கு விளங்காதது வேறொன்று. அல்சூர் போய்வந்ததிலிருந்து தினமும் விடிந்ததும் அம்மா என்னை எழுப்பி உட்காரவைத்து, கழுத்தைத் தடவி, இரண்டு அக்குளிலும் கைவிட்டு அழுத்தி அழுத்திப் பார்ப்பாள். அந்த நோய் முதலில் கட்டியாகக் கிளம்புவது அங்கேதான் என்பது எனக்கு எப்படித் தெரியும்? கூச்சம் தாங்காமல் நெளிந்து நெளிந்து சிரிப்பேன். அவள் சிரிக்க மாட்டாள். "சும்மா இருடி" என்பாள். அப்பா சுவரோரம் நின்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். விளையாடுகிறவர்கள் ஏன் இப்படி முகத்தை வைத்துக்கொள்கிறார்கள் என்று தோன்றும்.

பல நாட்கள் கழித்து ஒரு காலையில் அம்மா வழக்கம்போலத் தடவிப் பார்த்துவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "இனிமே ஒண்ணும் இல்லீங்க" என்றாள். நான் வழக்கம்போலச் சிரித்தேன். அன்று அவளும் சிரித்தாள். என்னைக் கட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்க, கண்ணில் தண்ணீர் வழிய, மூச்சு வாங்கச் சிரித்தாள். என் கூச்சம்தான் அவளுக்கும் தொற்றிக்கொண்டது என்று நினைத்து, நானும் பதிலுக்கு அவள் அக்குளில் கையை விட்டேன்.