கைப்பையில் ஒளித்த எம்.சி.

மேரு என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துக் குழந்தைக்காகச் சிகிச்சை ஆரம்பித்தோம். கருமுட்டை எடுத்த அன்று டாக்டர் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சான்று, எழுதிக் கொடுத்து, "ரெண்டு வாரத்துக்கு ஓடுறது, குதிக்கிறது வேணாம். மெதுவா நடங்க, போதும்" என்றார். எம்.சி.யில் கிளினிக்கின் பெயர் பெரிதாக இருந்தது. ஆபீசில் நாலு பேர் பார்த்துப் பேசுவார்களே என்று அதைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு, நாலு நாள் வருடாந்திர விடுப்பு எடுத்தேன்.

ஐந்தாம் நாள் கம்பெனியில் பூப்பந்துப் போட்டி. என் ஜோடி செல்வி அக்கா, "லீவுல நல்லா ரெஸ்ட் எடுத்துட்டல்ல, வா லா" என்றார். மறுக்கக் காரணம் சொல்ல வேண்டுமே என்று ஆடப் போனேன். ஒரு பந்துக்கு எகிறித் திரும்பியதும் அடிவயிற்றில் சுருக்கென்று வலித்தது. நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

செல்வி அக்காதான் காரில் கிளினிக்குக்கு அழைத்துப்போனார். வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே உன்னை உட்கார வச்சிருப்பேனே" என்றார்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், "ஊசி போட்டதுல சினைப்பை வீங்கியிருக்கு. குதிச்சா முறுக்கிக்கலாம், அப்புறம் அதையே எடுக்க வேண்டி வரும். நல்ல வேளை, முறுக்கல" என்றார்.

அந்த முறை பிறகு கருப்பையில் வைத்த கரு தங்கவில்லை. இப்போது இரண்டாவது முறை. டாக்டர் சரி என்று சொல்லும்வரை சாயங்கால நடை மட்டும்தான். எம்.சி.யையும் நேராக எச்.ஆரில் கொடுத்தேன். அங்கிருந்த பெண் எத்தனை நாள் என்று மட்டும் பார்த்துவிட்டுக் கோப்பில் போட்டார். கிளினிக்கின் பெயரை அவர் படிக்கவேயில்லை.