இரண்டு வார்களுக்கு நடுவே

கிடேரி வேலியோரமாகப் பாய்ந்தது. பிலார் என்ற பெண்குதிரை அதை ஒட்டியே ஓடி, முந்தி, குறுக்கே போய்த் திருப்பியது. கிடேரி வந்த வழியே மறுபடியும் ஓடியது. இரண்டாவது திருப்பத்தில் மண் ஈரமாக இருந்தது. குதிரையின் பின்னங்கால்கள் வழுக்கின. முன்பக்கம் சரிந்து இறங்கியது. மேலே அமர்ந்திருந்த லியோட்டா கடிவாள வார்களைப் பிடித்த இடது கையைத் தூக்கினாள். பிலார் எழுந்தது. எழுந்த வேகத்திலேயே கிடேரியின் மூக்குக்கு முன்னால் போய் நின்றது. வின்னமக்கா போட்டி மைதானமே எழுந்து கத்தியது.

களத்தின் நடுவில் கிடேரியை இருபுறமும் வட்டமடிக்க வைத்தாள். ஓட்டம் முடிந்த விசில் ஒலித்தது. அப்போதுதான் கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் இரண்டு வார்களுக்கும் நடுவில் இருந்தது.

களத்தின் வாசல் கதவைத் திறந்தபடி காவலாள் பசீலியோ சிரித்தான்.

"ஏய் லியோட்டா, அதுக்குக் காலு நாலா, எட்டா?"

"நாலுதான். அதுல ரெண்டு வழுக்கிடுச்சு."

"கெஸ்லரம்மா அங்க துள்ளிக்கிட்டு நிக்கிறாங்க. இனி யாரு விப்பா? இன்னும் ஒரு வருஷம் உன் கொட்டில்லதான்."

அவள் சிரிக்கவில்லை.

பிலார் அவளுடையது இல்லை, கெஸ்லரம்மாவுடையது. அவள் பழக்கிய எந்தக் குதிரையும் அவளுடையதாக இருந்ததில்லை. பாரடைஸ் பள்ளத்தாக்கில் வாடகைக் கொட்டிலும், பிறருடைய குதிரைகளும், காலையில் கொதிக்கும் காபியும்தான் அவள் வாழ்க்கை. கணவன் ஒருவன் இருந்தான். குதிரைகளைவிட அவனுக்குப் பொறுமை குறைவு. மற்ற குதிரைகள் இரண்டு மூன்று வருடங்களில் போய்விடும். பிலார் மட்டும் ஏழு வருடம் தங்கியது. பழக்கும்போது முதலில் இரட்டைக் கையும் மெல்லிய கடிவாளமும். பிறகு இரும்பே இல்லாத மூக்குவார். பிறகு இரண்டும் சேர்த்து. கடைசியில் வாய்க்குள் இந்தக் கனத்த இரும்பு. இதற்கு ஒரே கை. பின்னலாக முடியும் இரண்டு வார்களும் ஒரே கைப்பிடிக்குள் கிடக்க வேண்டும். போட்டி விதிப்படி, நடுவே விரல் போனால், ஓட்டம் எப்படி இருந்தாலும் மதிப்பெண் பூஜ்யம். வீட்டில் அன்றாட வேலைக்கு அவள் பிடிப்பது முனை பிரிந்த வார்கள். அதில் ஒரு விரல் நடுவே இருக்கலாம். நாள் முழுக்க அப்படியே பிடித்த கை.

கெஸ்லரம்மா வாக்குக் கொடுத்திருந்தாள்: இன்று ஜெயித்தால் இன்னொரு வருடம். இல்லையென்றால் டெக்சாஸ்காரர்களுக்கு விற்றுவிடுவாள்.

ஓட்டம் முடிந்ததும் நடுவரிடம் போய்க் கடிவாளத்தைக் கழற்றிக் காட்டுவது வழக்கம். நடுவர் ஓரின் டாக்கெட். ஒரு காலத்தில் அவளோடு போட்டியிட்டவர். இரும்பை வாங்கிக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். குதிரையின் உதட்டை விலக்கினார். ரத்தம் இல்லை.

"வாய் சுத்தமா இருக்கு."

"எப்பவும் அப்படித்தான்."

அவர் கடிவாளத்தைத் திருப்பித் தரவில்லை.

"விரலை எப்ப பாத்தே?" என்றாள் லியோட்டா.

"ரெண்டாவது திருப்பத்துல. அவ சரிஞ்சப்ப."

"ம்."

"நீ தூக்கலேன்னா உன்னையும் போட்டு நசுக்கியிருப்பா."

"தெரியும்."

"நான் பாக்காத மாதிரி குனிஞ்சு மூக்கைச் சிந்திக்கிட்டு இருந்திருக்கலாம், லியோட்டா. எத்தனை நடுவருங்க சிந்துறானுங்க."

"நீ சிந்தலையே."

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டார். "எல்கோ போட்டியில நீ நடுவரா உக்காந்து இதே விரலுக்கு எனக்கு ஜீரோ போட்டே. அன்னிக்கு உன்னை என்னவெல்லாம் திட்டினேன் தெரியுமா?"

"பக்கத்து ஊர் வரைக்கும் கேட்டுச்சு." அவள் கடிவாளத்தை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். "எழுது ஓரின். அடுத்த குதிரை காத்துக்கிட்டு நிக்குது."

ஒலிபெருக்கி பூஜ்யம் என்றது. கூட்டம் ஊளையிட்டது. யாரோ ஓரினைப் புதுக் கண்ணாடி வாங்கச் சொல்லிக் கத்தினார்கள்.

கெஸ்லரம்மா வெள்ளைச் சட்டையில் புழுதியோடு வந்தாள்.

"ஒரு விரலுக்கா?"

"ஒரு விரலுக்குத்தாம்மா."

"அவர்கிட்ட கேட்டிருக்கலாமே. உங்களுக்குள்ள ரொம்ப நாள் பழக்கமாச்சே."

"அதனாலதான் கேக்கல."

கெஸ்லரம்மா பிலாரின் கழுத்தைத் தட்டினாள். கெட்டவள் அல்ல. கணவன் போனபின் குதிரைகளை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தாள். "நாளைக்குக் காலைல வந்து ஏத்திக்குவாங்க. என்னால இதுக்கு மேல முடியல, லியோட்டா."

"புதுத் தண்ணின்னா குடிக்கமாட்டா. பழகுற வரைக்கும் கொஞ்சம் ஆப்பிள் சாறு கலக்கச் சொல்லுங்க. குளிர்காலத்துல இரும்பைக் கையில வச்சுச் சூடு பண்ணிட்டுத்தான் வாயில வைக்கணும். அப்புறம் இடது காதை..." நிறுத்திக்கொண்டாள்.

"இடது காதை?"

"ஒண்ணுமில்ல. அவங்களே தெரிஞ்சுக்குவாங்க."

கெஸ்லரம்மா தலையாட்டினாள். தண்ணீரைப் பற்றிச் சொன்னதைக்கூட அவள் டெக்சாஸ்காரர்களிடம் சொல்லப் போவதில்லை என்பது லியோட்டாவுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை குதிரை ஏற்றிச் செல்லும் டெக்சாஸ் வண்டி மைதானத்துக்கு வந்தது. ஓட்டுநர் இழுத்தும் பிலார் ஏறவில்லை. லியோட்டா முன்னால் ஏறி நின்று கூப்பிட்டாள். ஏறியது. அவள் பக்கக் கதவு வழியாக இறங்கினாள். வண்டி கிழக்கே போனது. அவள் தன் காலி வண்டியோடு பாரடைஸ் பள்ளத்தாக்குக்குத் திரும்பினாள். பிற்பகலில் காற்று அடித்தது. லாடக்காரர் வந்து இரண்டு குதிரைகளுக்கு லாடம் அடித்தார். வேறு ஒருவருடைய இரண்டு வயதுக் குதிரைக்கு முதல்முறையாகச் சேணம் வைத்தாள். அது இரண்டு முறை துள்ளிவிட்டு நின்றது. இரவு அவரைக்காய் சூப் சாப்பிட்டாள். படுத்தாள்.