வகேஷோவின் தேன்வேலி

பெட்டியில் காதை ஒட்டி, கண்ணை மூடி நிற்கிறாள் வகேஷோ. உள்ளே இரைச்சல் கேட்டால்தான் அடுத்த பெட்டிக்கு நகர்வாள். காலைத் தேநீர் அதற்குப் பிறகுதான்.

சாவோ வனப் பூங்காவை ஒட்டி அவளுடைய மக்காச்சோளக் கொல்லை. சுற்றிலும் கம்பங்கள், அவற்றுக்கு நடுவே கம்பியில் தொங்கும் தேனீப் பெட்டிகள். யானை கம்பியை இடித்தால் பெட்டிகள் ஆடும், தேனீக்கள் கிளம்பும். வேலி என்று அவளுக்கு இருப்பது அதுதான். ஆட்களிடம் அதிகம் பேசாதவள், பெட்டிகளிடம் மட்டும், "ராத்திரி காத்துல தூங்குனீங்களா?" என்று விசாரிப்பாள்.

போன விளைச்சலில் ஆசைப்பட்டுத் தேனை ஒட்ட வழித்துவிட்டாள். தேனீக்கள் இடம் மாறிப் போய்விட்டன. கிழிந்த காதுள்ள பெண் யானை ஒன்று பெட்டியருகே துதிக்கையை நீட்டிச் சற்று நின்றது. பிறகு கம்பியை அறுத்துக்கொண்டு குடும்பத்தோடு உள்ளே வந்தது. இளவட்டங்கள் விஷ அம்போடு துரத்தியதில் குட்டி ஒன்று செத்தது. அதைப் பற்றிக் கேட்டால் வகேஷோ அடுப்பை ஊதப் போய்விடுவாள்.

இப்போது கதிர் பால் பிடித்திருக்கிறது. கொழுந்தன் ம்வாதிமே மகனுக்குப் பெண் கேட்கப் போகிறான். அதற்குச் சீராகத் தேன் கொண்டு போக வேண்டும்.

"எல்லாப் பெட்டியையும் திறங்க அண்ணி. வெறுங்கையோட போனா சிரிப்பாங்க."

"தேன் போனா தேனீயும் போயிடும் தம்பி. அறுப்பு முடியட்டும்."

"அப்ப அந்த யானையையே சம்பந்தியா வெச்சுக்கங்க."

"அது உள்ள வந்தா நீதானே மொதல்ல வில்லைத் தூக்குவே?"

அவன் முறுக்கிக்கொண்டு நிற்கையில், சாயங்கால வெயிலில் செம்மண் அப்பிய உடம்புகள் புதரை விலக்கி வந்தன. முன்னால் கிழிந்த காதுக்காரி. ம்வாதிமே வில்லெடுக்க ஓடப் பார்த்தான். வகேஷோ அவன் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். துதிக்கை கம்பியைத் தொட்டது. பெட்டிகள் ஆடின, தேனீக்கள் கரும்புகைபோல் எழுந்தன. யானை தலையை உதறி, குட்டிகளை முன்னே தள்ளிக்கொண்டு வந்த வழியே திரும்பியது.

ம்வாதிமே கசங்கிய சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "ஒரு தேனடை குடுங்க அண்ணி, போதும். மிச்சத்துக்குக் கரும்புச்சாறு ஊத்திக்கிறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"பொண்ணோட அம்மாவுக்குத் தெரியும்."

"நீங்க சொல்லாம இருந்தாச் சரி."

மறுநாள் புகை போட்டு, ஒரே ஓர் அடையை அறுத்து அவன் குடுவையில் இறக்கினாள் வகேஷோ. விரல்களில் வழிந்த தேனை நக்கவில்லை. பெட்டியின் வாயிலிலேயே தடவிவிட்டாள்.