விஜயா வீட்டு அத்திப்பழம் மட்டும் ஏன் வெடிக்கவில்லை?

போன வெள்ளிக்கிழமை காலை தோட்டத்துப் பக்கம் போனவள், இடுப்பில் கை வைத்து அப்படியே நின்றுவிட்டேன். என் சீமை அத்தி மரத்தில் பழுத்திருந்த அத்தனை பழமும் வெடித்துக் கிடந்தது. உள்ளே எறும்பு வேறு!

வேறு நாளாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை என் மகள் காவ்யாவுக்கு நிச்சயதார்த்தம். 'தட்டில் கடைப் பழம் கிடையாது, எங்கள் மரத்து அத்திப்பழம்தான்' என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோவோடு பீற்றிக்கொண்டவள் நான். வரப்போகும் சம்பந்தியம்மா அதற்கு ஹார்ட் வேறு போட்டிருந்தார். இப்போது எந்த முகத்தோடு தட்டை நீட்டுவது?

இங்கே விஜயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கொழுந்தனார் மனைவி. அலிபிரி பக்கம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஒரே நர்சரி, ஒரே நாளில் வாங்கிய ஒரே ரகக் கன்று. சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன்... அவள் பழத்தில் ஒரு கீறல்கூட இல்லை. வயிறு எரிந்தது. எரியாதா, நீங்களே சொல்லுங்கள்?

"கண்ணு பட்டுக்கீது. யார் கண்ணுன்னு நான் வேற சொல்லணுமா?" என்றேன் கணவரிடம்.

"காலங்காத்தால ஆரம்பிக்காத," என்று பேப்பருக்குள் புகுந்துகொண்டார்.

நான் விடுவேனா? உப்பு, மிளகாய் சுற்றிப் போட்டேன் — மரத்துக்கு! கிளையில் எலுமிச்சம்பழமும் கட்டினேன். போனை நோண்டிக்கொண்டே வந்தாள் காவ்யா.

"கண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. குழாய்ல தண்ணி வர்ற அன்னிக்கு மட்டும் ஓஸ் போட்டு ரொப்புற. அப்புறம் மண்ணு காய்ஞ்சிக்கினு கீது, திரும்பிக்கூட பாக்கறதில்ல. பழுக்கற நேரத்துல திடீர்னு அவ்ளோ தண்ணி குடிச்சா உள்ள ஊதிக்கும், தோலு தாங்காது. அதான் வெடிச்சிக்கீது."

"அவ மரம் மட்டும் எப்படி வெடிக்கல?"

"சித்தி மரத்துக்கு ஏசித் தண்ணி டெய்லி சொட்டிக்கினே கீது. அடியில வேர்க்கடலத் தோலு கொட்டி மூடிக்கீறாங்க. ஈரம் ஒரே மாதிரி நிக்குது."

அந்த ஏசித் தண்ணீர்! வெளியே வடிகிற நீரை டியூப் போட்டு மரத்தடிக்கு விட்டிருக்கிறாளே, கஞ்சப் பிசினாரி என்று சிரித்தவள் நான்தான்.

காவ்யா இன்னொன்றும் சொன்னாள். கழுத்து தளர்ந்து பழம் தொங்க ஆரம்பித்ததும் பறித்துவிட வேண்டுமாம். மழை வரும்போல் இருந்தால் பழுத்ததை முந்திக்கொண்டு பறிக்க வேண்டுமாம். நான் ஏன் பறிக்கவில்லை? விஜயா பழத்தைவிடப் பெரிதாகட்டும் என்று! வியாழக்கிழமை குழாயில் தண்ணீர் வந்ததும், இன்னும் குண்டாகட்டும் என்று வழக்கத்தைவிட அதிக நேரம் ஓஸைப் போட்டு வைத்தேன். ஆக, பொறாமைதான் பழத்தை வெடிக்க வைத்தது. அது அவளுடைய பொறாமை இல்லை, அவ்வளவுதான்.

அவளிடம் போய்ப் பழம் கேட்பதா? அதற்கு அந்த குரூப்பிலிருந்தே வெளியேறிவிடலாம். சனிக்கிழமை சாயங்காலம், கடைக்குப் போகப் பையை எடுக்கிறேன்... வாசலில் விஜயா, கையில் தட்டு.

"மழ வர்றாப்புல கீதுன்னு பறிச்சிட்டேன்க்கா. நம்ம காவ்யா தட்டுல வச்சிடுங்க."

ஒரு பழத்தில்கூடக் கீறல் இல்லை. வாங்கிக்கொண்டேன். வேறு வழி?

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா ஒரு பழத்தைக் கடித்துப் பார்த்துவிட்டு, "சால பாகுந்தி, ரொம்ப நல்லாருக்கு! போட்டோ போட்டீங்களே, அந்த மரத்துதா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் விஜயா முந்திக்கொண்டாள். "ஆமாங்க, எங்க அக்கா வளக்கற மரம்."

எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். எனக்குத்தான் ஒரு வாய் சோறு நிம்மதியாக இறங்கவில்லை. இவளுக்கு மட்டும் எப்படி இப்படி வருகிறது?

திங்கட்கிழமையே எங்கள் ஏசி டியூபை மரத்தடிக்குத் திருப்பிவிட்டேன். ஒரு மூட்டை வேர்க்கடலைத் தோலும் வாங்கிக் கொட்டியாயிற்று. பழத்தில் அவளை எட்டிப் பிடித்துவிடுவேன்.

அந்த மனசுக்கு எந்த டியூபைத் திருப்புவது?