புளியஞ்சோலையில் புதுத்தண்ணீர்

எங்கள் வீட்டில் பயப்படுகிற வேலை என்னுடையது. சமையலைக்கூடச் சில நாள் கணவர் பார்த்துக்கொள்வார். இதில் மட்டும் யாரும் பங்குக்கு வருவதில்லை. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் புளியஞ்சோலைக்குப் போவது என்று முடிவானதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. காட்டுக்குள் அருவி. வழுக்குப் பாறை, குரங்கு, போனுக்கு டவர் கிடைக்காது. மாற்றுத்துணி, மருந்து, டார்ச், புளிசாதத்தோடு குளுக்கோஸ் பாக்கெட் என்று ஒரு பெரிய பையை நிரப்பினேன்.

“காசிக்கா போறோம்? சாயந்தரம் திரும்பிடுவோம்ல,” என்றார் கணவர்.

“அவள விடுங்க மாப்ள. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்,” என்றார் அப்பா.

எங்களோடு இருக்கும் அப்பா ஸ்ரீரங்கத்தில் பிறந்து, காவிரியில் குளித்தே எழுபதைத் தாண்டியவர். தண்ணீரைப் பற்றி அவருக்கு யாரும் புத்தி சொல்ல முடியாது. கணவருக்கு மருங்காபுரிப் பக்கம், வானம் பார்த்த பூமி. நீச்சல் தெரியாது. அதைச் சொல்லி மாமனார் செய்யும் கேலிக்கெல்லாம் சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஏழு வயது மகள் எப்போதும் தாத்தா கட்சி.

துறையூர் போய்ச் சேரும்வரை எதிரே வந்த லாரி எல்லாம் எங்களைக் குறிவைத்தே வந்தது. அதை நான் சொன்னதும் காரில் மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

அருவி பெரியதில்லை. பாறையிலிருந்து விழுந்து, கீழே ஒரு குட்டையில் தேங்கி, ஓடையாக ஓடுகிறது. மகளின் இடுப்பளவுத் தண்ணீரில் அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கொஞ்சம் தள்ளி முழங்கால் தண்ணீரில் நின்றேன். கரையில் கணவர் சாப்பாட்டுப் பையைக் குரங்குகளிடமிருந்து காத்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, அவ கைய விட்டுடாதீங்க.”

“எத்தனை தடவ சொல்லுவ? எனக்குத் தெரியாதாம்மா?”

எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். மலை உச்சியில் மட்டும் கறுத்திருந்தது. குரங்குகளைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த நான் அதைக் கவனிக்கவில்லை.

திடீரென்று கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியது. சருகும் நுரையும் மிதந்து வந்தன.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இது தெரிந்த காட்சி. மாதக்கணக்கில் மணலாகக் கிடந்த காவிரியில், அணை திறந்து முதல் தண்ணீர் இப்படித்தான் வரும்: கலங்கலாக, சருகைத் தள்ளிக்கொண்டு, குழந்தைகள் அதற்கு முன்னால் நடந்து போகும் அளவுக்கு மெதுவாக. கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடுவோம். கும்பிடுவோம், பூப் போடுவோம், ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்வோம்.

“புதுத்தண்ணிம்மா! வந்துருச்சு பாரு, கும்பிட்டுக்க!”

அப்பாவின் முகம் மலர்ந்திருந்தது. அருவிப் பக்கம் திரும்பி, கண்ணை மூடி, இரண்டு கையையும் கூப்பினார். காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் பயந்த எனக்கு அந்த நிமிடம் பயமே இல்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது. நானும் கும்பிட்டேன். என் மகளை யாரும் பிடித்திருக்கவில்லை.

“என்ன கும்பிட்டுக்கிட்டு நிக்கிறீங்க! மலைல மழை! மேல ஏறுங்க!”

கணவரிடம் அப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. அவர் ஊர் ஓடைகள் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். நிறம் மாறிய தண்ணீர் வந்தால் ஆட்டை விரட்டிக்கொண்டு மேட்டுக்கு ஓட வேண்டும். நீச்சல் தெரியாதவர் தண்ணீரில் இறங்கி ஓடி வந்தார். கழுத்தளவுத் தண்ணீரில் ஒரு வேரைப் பற்றிக்கொண்டிருந்த மகளை வாரி என்மேல் எறியாத குறையாகக் கொடுத்துவிட்டு, “வாங்க மாமா!” என்று அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். நாங்கள் மேட்டில் ஏறிய பிறகுதான் சத்தம் வந்தது. குட்டை இருந்த இடமே தெரியவில்லை. நான் பார்த்துப் பார்த்து நிரப்பிய பை, டார்ச்சோடும் குளுக்கோஸோடும் போய்விட்டது.

மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். “தாத்தா கைய விட்டுட்டாரு.”

அப்பாவுக்கும் அது கேட்டது. திரும்பி வரும்போது நனைந்த சட்டையோடு கணவர் வண்டி ஓட்டினார். மண்ணச்சநல்லூர் வருவதற்குள் மகள் தாத்தா மடியில் தலைவைத்துத் தூங்கிப்போயிருந்தாள்.

கொள்ளிடம் பாலம் வந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தாலும் சரி, பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தாலும் சரி, அப்பா அந்த ஆற்றைக் கும்பிடாமல் தாண்டியதை நான் பார்த்ததில்லை. அன்று கீழே நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அவரும் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தார். கும்பிட இரண்டு கையும் வேண்டும். ஒரு கைக்குள் பேத்தியின் கை இருந்தது.

பாலம் முடியும்வரை அவர் அதை விடவில்லை.